கூடுதல் மெகாபிக்சல் கேட்கும் கூலி

2012 பிப்ரவரியில் நிக்கான் டி800 அறிவிக்கப்பட்டது. டி700 கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு மண்டபம் மண்டபமாகப் போய்க்கொண்டிருந்த எங்களைப் போன்றவர்களுக்கு அது பெரிய தாவல். டி700இல் 12 மெகாபிக்சல், டி800இல் 36. ஒரு மெகாபிக்சல் என்றால் பத்து லட்சம் பிக்சல், அதாவது படத்தை உண்டாக்கும் புள்ளி. கடன் வாங்கி அதை வாங்கியவர்களில் நானும் ஒருவன். முதல் கல்யாணத்தை முடித்துவிட்டு வீட்டுக்கு வந்து, தூங்காமல் படங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, நூறு சதவீதத்துக்குப் பெரிதாக்கிப் பார்த்தேன். மணப்பெண்ணின் கண்ணிமை முடி தனித்தனியாகத் தெரியும் என்று எதிர்பார்த்திருந்தேன். தெரிந்தது லேசான கலங்கல். அடுத்த படம், அதற்கடுத்த படம் என்று தட்டிக்கொண்டே போனேன். பத்தில் மூன்றுதான் அந்தப் பெரிதாக்கலைத் தாங்கின. பழைய கேமராவில் அதே லென்ஸ், அதே கை, அதே மாதிரி மண்டபத்தில் பத்துக்கு எட்டு தேறும்.

கேமராவில் ஒரு கோளாறும் இல்லை. அதனிடம் நான் கேட்டது ஒன்று, அது என்னிடம் கேட்டது வேறொன்று. அதைப் புரிந்துகொள்ள எனக்கு ஓராண்டுக்கு மேல் பிடித்தது. இன்றைக்கு 61 மெகாபிக்சல் சோனி, 102 மெகாபிக்சல் ஃபுஜிஃபில்ம், 200 மெகாபிக்சல் சாம்சங் போன் என்று எண்கள் ஏறிக்கொண்டே போகின்றன. புதிதாகத் தொழிலுக்கு வருகிற தம்பிகள் கையிலிருக்கும் பணத்தையெல்லாம் அந்த எண்ணில் கொட்டுவதைப் பார்க்கும்போது மனசு கேட்பதில்லை. வாங்கும் முன்னால் இந்தக் கணக்குகளை ஒருமுறை போட்டுப் பார்க்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் அந்த நூறு சதவீதப் பார்வையை, அதாவது படத்தின் ஒரு பிக்சல் திரையின் ஒரு பிக்சலாகத் தெரியும் பார்வையை, எடுத்துக்கொள்வோம். 24 அங்குல ஃபுல் எச்டி மானிட்டரில் ஓர் அங்குலத்துக்குச் சுமார் 92 பிக்சல். டி700 படத்தின் அகலம் 4,256 பிக்சல். அதை அந்த மானிட்டரின் அளவில் முழுதாக விரித்தால் 46 அங்குலம், ஏறக்குறைய நான்கடி. டி800 படத்தின் அகலம் 7,360 பிக்சல், விரித்தால் 80 அங்குலம், ஆறரை அடிக்கு மேல். நான்கடிப் படத்தையும் ஆறரை அடிப் படத்தையும் ஒரே கைத்தொலைவில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, பெரிய படம் கலங்கலாக இருக்கிறது என்று நான் வருந்தியிருக்கிறேன். இரண்டையும் ஒரே அளவில் அச்சடித்து அருகருகே வைத்தபோது டி800 படம் எந்த இடத்திலும் மோசமாக இல்லை. ஆனால் மூன்று மடங்கு விவரம் வரும் என்று நினைத்தேனே, அது மட்டும் வரவில்லை.

மூன்று மடங்கு என்று நினைத்ததே பிழை. மெகாபிக்சல் என்பது மனைக்குச் சொல்லும் சதுர அடி மாதிரி. 30க்கு 40 மனை 1,200 சதுர அடி. நீளம் அகலம் இரண்டையும் இரட்டித்தால் 4,800 சதுர அடி ஆகிவிடும். கண் பார்க்கும் நுணுக்கம் நீள அகலக் கணக்கில் வருவது. 12 மெகாபிக்சலைவிட இரு மடங்கு நுணுக்கம் வேண்டுமானால் 48 மெகாபிக்சல் வேண்டும். 12இலிருந்து 36க்குப் போனால் கிடைப்பது 1.7 மடங்கு. இன்றைக்குப் பலரிடமும் உள்ள 24 மெகாபிக்சல் கேமராவிலிருந்து 61க்குப் போனால் 1.6 மடங்குகூட முழுசாக இல்லை. விலைப் பட்டியலில் இரண்டரை மடங்காகத் தெரிவது படத்தில் ஒன்றரைச் சொச்சம்தான்.

அந்த ஒன்றரையும் சும்மா வராது. ஏறத்தாழ எல்லா கேமராக்களிலும் ஒவ்வொரு பிக்சலும் ஒரே ஒரு நிறத்தைத்தான் பார்க்கிறது. கோடாக் நிறுவனத்தில் வேலை பார்த்த பிரைஸ் பேயர் 1976இல் காப்புரிமை பெற்ற அமைப்பு இது. பாதி பிக்சல்களின் மேல் பச்சைக் கண்ணாடி, கால் பங்கில் சிவப்பு, கால் பங்கில் நீலம். ஒரு பிக்சலுக்குத் தெரியாத மற்ற இரண்டு நிறங்களைப் பக்கத்துப் பிக்சல்களைப் பார்த்துக் கணக்கிட்டு நிரப்புகிறார்கள். 36 மெகாபிக்சல் படத்தில் உள்ள நிறத் தகவலில் மூன்றில் இரண்டு பங்கு இப்படி நிரப்பியது. பெரும்பாலான காட்சிகளில் இது கண்ணுக்குத் தெரியாது. பட்டுப்புடவையில் தெரியும். நெருக்கமான கட்டம், பொடி ஜரிகைக் கோடு, மாப்பிள்ளையின் கோட்டுத் துணி என்று பிக்சல் வரிசையோடு ஏறக்குறைய ஒத்துப்போகும் நெசவு எதிரே வந்தால், துணியில் இல்லாத பச்சையும் ஊதாவுமான அலைகள் படத்தில் நெளியும். முவாரே என்கிறோமே, அதுதான்.

இதைத் தடுக்க, இந்தப் பிக்சல்கள் அடங்கிய சென்சார் என்ற சில்லுக்கு முன்னால் படத்தை மிக லேசாகக் கலக்கிவிடும் ஒரு வடிகட்டியை வைப்பது நெடுநாள் வழக்கம். டி800ஐ நிக்கான் இரண்டு வகையாக விற்றதே இதனால்தான். டி800இல் வடிகட்டி உண்டு. டி800இ-யில் அந்த வடிகட்டியின் வேலையைச் செல்லாததாக்கியிருந்தார்கள். 2015இல் கேனானும் 50 மெகாபிக்சல் 5டிஎஸ், 5டிஎஸ் ஆர் என்று அதே வழியில் இரண்டு கொண்டுவந்தது. பிக்சல் நெருக்கம் கூடக் கூட முவாரே வரும் வாய்ப்பு குறையும், அதனால் பின்னால் வந்த பல கேமராக்களில் வடிகட்டியையே எடுத்துவிட்டார்கள். குறையும் என்றுதான் சொல்ல முடியும், ஒழிந்துவிடாது. 12 மெகாபிக்சலில் எட்டடித் தூரத்தில் நெளிந்த புடவை 36இல் பதினான்கு அடியில் நெளியும். அரை அடி முன்னே பின்னே நகர்ந்து இன்னொரு படம் எடுத்துக்கொள்வதுதான் நான் கண்ட எளிய மருந்து.

சரி, லென்ஸ். பழைய லென்ஸைப் புதிய சென்சாரில் மாட்டினால் படம் கெட்டுவிடும் என்று கடைகளில் சொல்வார்கள். அது தவறு. லென்ஸ் எவ்வளவு தெளிவாகப் படத்தை விழவைக்கிறதோ, அதை எந்தச் சென்சார் வாங்கினாலும் லென்ஸின் தரம் மாறப்போவதில்லை. பிக்சல் கூடினால் பழைய லென்ஸிலும் கொஞ்சம் லாபம் உண்டு. ஆனால் லென்ஸும் சென்சாரும் சேர்ந்துதான் படத்தின் தெளிவைத் தீர்மானிக்கின்றன. ஒன்று பின்தங்கினால் இன்னொன்றுக்குக் கொட்டிய பணம் பெரும்பகுதி வீண். படத்தின் நடுவில் நன்றாகவும் ஓரத்தில் குழைந்தும் வரும் லென்ஸ்கள் எல்லோரிடமும் உண்டு. 12 மெகாபிக்சலில் அந்தக் குழைவு அடங்கிக் கிடந்தது, 36இல் வெளியே வந்துவிட்டது. டி800 வந்த காலத்தில் நிக்கானே ஒரு தொழில்நுட்பக் கையேடு வெளியிட்டு, இந்தக் கேமராவுக்கு இன்னின்ன லென்ஸ்கள் பொருந்தும் என்று பட்டியல் கொடுத்தது. விற்கிறவர்களே அப்படிச் சொல்லும்போது கேமரா விலையோடு லென்ஸ் விலையையும் சேர்த்துத்தான் கூட்டிப் பார்க்க வேண்டும்.

எவ்வளவு விலை கொடுத்து லென்ஸ் வாங்கினாலும் தாண்ட முடியாத சுவர் ஒன்றும் இருக்கிறது. லென்ஸின் துவாரத்தைச் சுருக்கச் சுருக்க, ஒளி அதன் விளிம்பில் வளைந்து, ஒரு புள்ளி சிறு வட்டமாகப் பரவும். லென்ஸ் யார் செய்தாலும் இயற்பியல் ஒன்றுதான். துவாரத்தின் அளவை எஃப் எண்ணால் சொல்வார்கள், எண் கூடினால் துவாரம் சிறியது. பச்சை ஒளிக்குக் கணக்கிட்டால் எஃப் 8இல் அந்த வட்டத்தின் விட்டம் ஏறக்குறைய 11 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு), எஃப் 16இல் 21 மைக்ரானுக்கு மேல். டி700இன் ஒரு பிக்சல் 8.4 மைக்ரான், டி800இல் 4.9, சோனி ஏ7ஆர் 4இல் 3.76. எஃப் 16இல் எடுத்தால் அந்தப் பரவல் டி700இல் இரண்டரைப் பிக்சல், 61 மெகாபிக்சல் சோனியில் ஏறக்குறைய ஆறு பிக்சல். அங்கே 61 மெகாபிக்சல் ஃபைல் வரும், 61 மெகாபிக்சல் விவரம் வராது.

அப்படியானால் துவாரத்தைத் திறந்தே வைத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். திறந்தால் ஃபோகஸ் ஆழம், அதாவது முன்னும் பின்னும் தெளிவாக விழும் தூரம், போய்விடும். லென்ஸின் மேல் பொறித்திருக்கும் ஆழ அளவுக் கோடுகளும், போனில் இறக்கிக்கொள்ளும் ஆழக் கணக்கு செயலிகளும், முழு அளவுச் சென்சாருக்குப் பொதுவாக 0.03 மில்லிமீட்டர் கலங்கல்வரை தெளிவு என்றே எடுத்துக்கொள்கின்றன. கையில் வைத்துப் பார்க்கும் சிறிய அச்சுப் படத்துக்கு அது போதும் என்று ஃபிலிம் காலத்தில் வந்த அளவு. 0.03 மில்லிமீட்டர் என்பது 61 மெகாபிக்சல் சென்சாரில் எட்டு பிக்சல். செயலி தெளிவு என்று சொல்லும் இடத்தில் உங்கள் படம் எட்டு பிக்சல் அகலத்துக்குக் கலங்கியிருக்கலாம்.

மேடையில் மூன்று வரிசைக் குடும்பப் படம் எடுக்கிறவர்களுக்கு இந்த இழுபறி நன்றாகத் தெரியும். முன்வரிசையில் நாற்காலியில் தாத்தா பாட்டி, பின்வரிசையில் பெஞ்சு மேல் ஏறி நிற்கும் பிள்ளைகள். எஃப் 4இல் நடுவரிசை மட்டும் முழுத் தெளிவு. எஃப் 11க்குப் போனால் மூன்று வரிசையும் வரும், ஆனால் ஒளி எட்டில் ஒரு பங்காகிவிடும், வளைவுப் பரவலும் தொடங்கிவிடும். ஃபிளாஷை ஏற்று, இல்லையென்றால் கேமரா ஒளியை உணரும் அளவான ஐஎஸ்ஓவை ஏற்று. ஐஎஸ்ஓ ஏறினால் புள்ளி இரைச்சல். அதைத் துடைத்தால் துடைப்போடு நுணுக்கமும் போகும். 12 மெகாபிக்சலிலும் இதெல்லாம் நடந்தது. அங்கே நடந்தது தெரியாது, அவ்வளவுதான். கூடுதல் பிக்சலை வாங்கியவர் இந்த நான்கு பக்க இழுப்பிலும் ஒவ்வொரு முறையும் சரியான இடத்தில் நின்றால்தான் வாங்கியது கைக்கு வரும்.

கை நடுக்கமும் அதே கதை. லென்ஸின் குவியத்தூரம் 100 மில்லிமீட்டர் என்றால் ஷட்டர் திறந்திருக்கும் நேரம் 1/100 வினாடியைத் தாண்டக்கூடாது என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். அதுவும் ஃபிலிம் காலத்து விதி. பிக்சல் பாதியாகச் சுருங்கினால், முன்பு ஒரு பிக்சலுக்குள் அடங்கிய நடுக்கம் இரண்டு பிக்சலில் இழுபடும். நான் இப்போது 1/200, முடிந்தால் 1/300 வைக்கிறேன். டி800இல் கண்ணாடி மேலே எழும்போதும் ஷட்டர் திறக்கும்போதும் வரும் அதிர்வே சில வேகங்களில் படத்தைத் தொட்டுவிடும். 2014இல் வந்த டி810இல் ஷட்டரின் முதல் திரையை மின்னணு முறைக்கு மாற்றியது இதற்காகத்தான். 2015இல் சோனி ஏ7ஆர் 2 தன் 42 மெகாபிக்சல் சென்சாரையே அசைத்து நடுக்கத்தை ஈடுகட்டியது. நம் கை நடுக்கத்துக்கு அது பெரிய உதவி. எதிரே இருப்பவரின் அசைவுக்கு உதவாது. கெட்டிமேளம் கொட்டுகிற அந்த ஓரிரு நொடியில் மாப்பிள்ளையின் விரல்கள் முடிச்சில் நடுங்குகின்றன, நாத்தனார் குனிகிறார், அட்சதை பறக்கிறது. அங்கே ஷட்டர் வேகம் ஒன்றுதான் காப்பாற்றும். வேகத்துக்கு ஒளி வேண்டும், மண்டபத்தில் ஒளி எப்போதும் அளந்துதான் கிடைக்கும்.

ஒளி என்றதும் இன்னொரு நம்பிக்கையையும் சொல்லவேண்டும். பிக்சல் சிறுத்தால் இருட்டில் படம் கெடும் என்கிறார்கள். பாதி உண்மை. ஒரு வயலில் நாற்றை நெருக்கி நட்டாலும் ஒற்றை நாற்றாக இடைவெளி விட்டு நட்டாலும் அந்த வயலில் விழும் வெயில் ஒரே அளவுதான். நெருக்கி நட்டால் ஒவ்வொரு தூருக்கும் கிடைப்பது குறையும், வயல் முழுவதற்கும் கிடைப்பது குறையாது. சென்சாரும் அப்படியே. 12 மெகாபிக்சல் சோனி ஏ7எஸ், 36 மெகாபிக்சல் ஏ7ஆர் இரண்டுக்கும் சென்சார் பரப்பு ஒன்று. ஒவ்வொரு பிக்சலாக உற்றுப் பார்த்தால் ஏ7ஆர் இரைச்சலாக இருக்கும். இரண்டையும் ஒரே அளவில் அச்சடித்தால் சாதாரண மண்டப வெளிச்சத்தில் வேறுபாடு மிகக் குறைவு. மிக இருட்டில், ஐஎஸ்ஓ பல்லாயிரம் போகும்போதுதான், ஒவ்வொரு பிக்சலையும் படிக்கும்போது சேரும் மின்னணு இரைச்சல் எண்ணிக்கையோடு கூடி, சிறிய பிக்சல் பின்தங்கும். நிலா வெளிச்சத்தில் வீடியோ எடுப்பவருக்கு ஏ7எஸ் வகை கேமரா வேண்டும். மண்டபத்தில் போட்டோ எடுப்பவர் இந்த ஒரு காரணத்துக்காக அதிகப் பிக்சலைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை.

இந்த வயல் கணக்கைப் போன்களுக்குப் போட்டால் 200 மெகாபிக்சலின் கதை விளங்கும். 2023இல் வந்த சாம்சங் எஸ்23 அல்ட்ராவின் முதன்மைச் சென்சாரில் ஒரு பிக்சல் 0.6 மைக்ரான். லென்ஸ் எஃப் 1.7. அந்தத் துவாரத்தில் ஒளி வளைவால் உண்டாகும் வட்டமே 2.3 மைக்ரான், அதாவது நான்கு பிக்சல் அகலம். போனின் வழக்கமான முறையில் பதினாறு பிக்சல்களை ஒன்றாகச் சேர்த்து 12.5 மெகாபிக்சல் படமாகக் கொடுப்பது அதனால் நியாயமான ஏற்பாடு. ஐபோன் 14 புரோவின் 48 மெகாபிக்சல் சென்சாரும் பெரும்பாலும் நான்கு நான்காகச் சேர்த்து 12 மெகாபிக்சல்தான் தரும். நல்ல வெயிலில் முழு எண்ணிக்கையில் எடுத்தால் கொஞ்சம் கூடுதல் நுணுக்கம் கிடைக்கிறது. விளம்பரத்தில் இருக்கும் எண்ணை கேமராவின் எண்ணோடு ஒப்பிடுவதில் பொருளில்லை.

படம் எடுத்த பிறகும் செலவு நிற்காது. 1975இல் கோடாக்கில் ஸ்டீவன் சாசன் செய்த முதல் டிஜிட்டல் கேமராவில் மொத்தமே பத்தாயிரம் பிக்சல். ஒரு படத்தைக் கேசட் நாடாவில் பதிய 23 வினாடி ஆனது. பிக்சலுக்கும் நேரத்துக்கும் உள்ள உறவு அன்றே தொடங்கிவிட்டது. சோனியின் சுருக்கிய ரா ஃபைலில், அதாவது சென்சார் பதிந்ததைப் படமாக மாற்றாமல் வைத்திருக்கும் ஃபைலில், ஒரு பிக்சலுக்கு ஒரு பைட் என்று வைத்துக்கொள்ளலாம். 24 மெகாபிக்சலுக்கு ஒரு படம் 24 எம்பி, 61க்கு 61 எம்பி. சுருக்காமல் எடுத்தால் இரண்டு மடங்கு.

நிச்சயதார்த்தம், வரவேற்பு, முகூர்த்தம் எல்லாம் சேர்த்து இரண்டு கேமராக்களில் 4,000 படங்கள் எடுக்கிறோம் என்று வையுங்கள். 24 மெகாபிக்சலில் 96 ஜிபி. 61இல் 244 ஜிபி. இதை ஒரே டிஸ்க்கில் வைப்பது அடுத்தவர் வாழ்க்கையோடு விளையாடுவது. நான் மூன்று பிரதி வைக்கிறேன். ஒரு கல்யாணத்துக்கு 730 ஜிபி ஆகிவிட்டது. ஆண்டுக்கு முப்பது கல்யாணம் என்றால் 22 டிபி. 24 மெகாபிக்சலில் இதுவே 9 டிபிக்குள் முடிந்துவிடும். ஹார்ட் டிஸ்க் விலையைக்கூடச் சமாளித்துவிடலாம். ஒவ்வொரு படத்தைத் திறக்கவும், திருத்தவும், ஏற்றவும், பிரதி எடுக்கவும் போகும் நேரத்தை எங்கே போய் வாங்குவது? அதிலும் திருத்தும் வேலை நேர்விகிதத்தைவிட அதிகமாகவே ஏறுகிறது. 12 மெகாபிக்சலில் தெரியாத பவுடர்த் திட்டு, தோலின் துவாரம், பொட்டின் ஓரத்துப் பசை எல்லாம் 61இல் தெரியும். தெரிந்தால் சரிசெய்யச் சொல்வார்கள். சொல்வதில் தப்பில்லை, கல்யாணப் பெண் தன் படத்தில் அழகாக இருக்க விரும்புவது அவள் உரிமை.

சத்தமில்லாமல் எடுக்கும் மின்னணு ஷட்டரைப் பற்றியும் ஒரு வார்த்தை. சென்சார் வரிசை வரிசையாகத்தான் படிக்கப்படுகிறது. பிக்சல் கூடினால் படிக்கும் நேரமும் கூடும். 61 மெகாபிக்சல் ஏ7ஆர் வகைகளில் மேலிருந்து கீழ்வரை படிக்க ஏறக்குறைய பத்தில் ஒரு வினாடி. அதற்குள் அசைந்த கை வளைந்து தெரியும், மின்னுகிற எல்இடி விளக்கு படத்தில் பட்டை பட்டையாக விழும். 2021இல் வந்த நிக்கான் இசட்9 45 மெகாபிக்சலை மிக வேகமாகப் படிக்கும் அடுக்குச் சென்சாரை வைத்து, இயந்திர ஷட்டரையே விட்டுவிட்டது. அந்த வேகத்துக்கான விலையும் அதில் இருக்கிறது.

இவ்வளவு கூலியும் கொடுத்து எடுத்த படம் கடைசியில் எங்கே பார்க்கப்படுகிறது? பெரும்பாலும் போனில். போனின் ஃபுல் எச்டி திரை மொத்தமே இரண்டரை மெகாபிக்சல். வாட்ஸ்அப்பில் வழக்கமான முறையில் அனுப்பினால் அது படத்தை இன்னும் சுருக்கிவிடும். வீட்டுக் கூடத்தில் 4கே டிவியில் போட்டால் 8.3 மெகாபிக்சல். தெருமுனையில் வைக்கும் ஃப்ளெக்ஸுக்குத்தான் நிறையப் பிக்சல் வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். நல்ல பார்வை உள்ளவர் ஐந்து மீட்டர் தூரத்திலிருந்து பிரித்தறியக்கூடிய சிறு அளவு ஒன்றரை மில்லிமீட்டர் அளவில் இருக்கும். 20 அடிக்கு 10 அடி ஃப்ளெக்ஸை அந்த அளவால் வகுத்தால் 9 மெகாபிக்சல்கூடத் தேவைப்படாது. ஃப்ளெக்ஸ் எவ்வளவு பெரியதோ அவ்வளவு தள்ளி நின்றுதான் அதைப் பார்க்கிறோம்.

ஆல்பம்தான் கவனிக்க வேண்டிய இடம். நம் ஊர்க் கல்யாண ஆல்பத்தில் 12க்கு 36 அங்குல விரிப்பு இப்போது வழக்கமாகிவிட்டது. மடியில் வைத்து ஒன்றரை அடித் தூரத்தில் பார்க்கும்போது கண்ணுக்கு எட்டும் அளவு 0.13 மில்லிமீட்டர். 36 அங்குலத்தை அதால் வகுத்தால் சுமார் 7,000 பிக்சல். ஒரு விரிப்பில் ஐந்தாறு படங்களை அடுக்கும்போது ஒவ்வொன்றுக்கும் இரண்டாயிரம் பிக்சல் போதும், 12 மெகாபிக்சல் தாராளம். ஆனால் மொத்த விரிப்புக்கும் ஒரே படம், கோயில் மண்டபத் தூண்களுக்கு நடுவே மணமக்கள் என்று வைத்தால் டி700இன் 4,256 எட்டாது. 24 மெகாபிக்சலின் 6,000 கொஞ்சம் குறையும், யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். டி800இன் 7,360 சரியாகப் பொருந்தும். 61 மெகாபிக்சலின் 9,504இல் கால் பங்குக்கு மேல் மிஞ்சிவிடும். ஓர் ஆல்பத்தில் அப்படிப்பட்ட விரிப்பு இரண்டோ மூன்றோ இருக்கும். அந்த மூன்று படங்களுக்காக நான்காயிரத்தையும் 61இல் எடுக்க வேண்டுமா என்பதுதான் கேள்வி. என் பதில்: வேண்டாம். திருமண வேலைக்கு 24இலிருந்து 33 மெகாபிக்சல் போதும், மீதிப் பணம் லென்ஸுக்கும் விளக்குக்கும் போகட்டும். பெரிய விரிப்புப் படத்தைக் கேமராவை முக்காலியில் (டிரைபாட்) வைத்து நிதானமாக எடுங்கள். முக்காலியில் நின்ற 24, கையில் ஆடிய 61ஐ வென்றுவிடும். இதை நான் அச்சில் பார்த்திருக்கிறேன்.

விளையாட்டுப் படங்கள் எடுக்கும் தொழில்முறையாளர்களுக்கு வரும் கேமராக்களைப் பார்த்தாலும் இதே முடிவு தெரியும். 2020இல் கேனான் 1டிஎக்ஸ் மார்க் 3இல் 20 மெகாபிக்சல். 2023இல் சோனி ஏ9 3இலும் 2024இல் கேனான் ஆர்1இலும் 24. அந்தந்த நிறுவனத்தின் மிக விலையுயர்ந்த கேமரா வரிசையில் நிற்பவை இவை. அங்கே வினாடிக்குப் பல பத்துப் படங்கள் பதியவேண்டும், சில நிமிடங்களில் பத்திரிகை அலுவலகத்துக்குப் போய்ச் சேரவேண்டும். இசட்9, 50 மெகாபிக்சல் சோனி ஏ1 போன்ற விதிவிலக்குகள் உண்டு. மற்றபடி அந்த வேலைக்கு எவ்வளவு போதும் என்பதை அந்தத் தொழில் நன்றாக அளந்து வைத்திருக்கிறது.

பறவைப் படம் எடுப்பவர்களின் கணக்கு வேறு. வேடந்தாங்கலில் கரையிலிருந்து மரத்துக்கு உள்ள தூரத்தை நாம் குறைக்க முடியாது. 600 மில்லிமீட்டர் எஃப் 4 லென்ஸ் பல லட்சம். 61 மெகாபிக்சல் படத்தின் நடுப்பகுதியை ஒன்றரை மடங்குக்கு வெட்டி எடுத்தாலும் 26 மெகாபிக்சல் மிஞ்சும், 400 மில்லிமீட்டர் லென்ஸ் 600 போல ஆகிவிடும். இங்கே கூடுதல் பிக்சல் காசுக்கு ஈடு. அதற்கும் எல்லை உண்டு. கோடியக்கரை உப்பளத்துக்கு மேலே முற்பகல் பத்து மணிக்குப் பூநாரைகளை எடுத்துப் பாருங்கள். கானல் நெளியும். நடுவில் உள்ள காற்றே படத்தைக் கலக்கிவிடும். லென்ஸையும் சென்சாரையும் குறை சொல்லிப் பயனில்லை. விடிந்தவுடன், மண் சூடேறும் முன்னே போய் நிற்க வேண்டும், இல்லையென்றால் இன்னும் கிட்டே போக வழி தேட வேண்டும்.

கூடுதல் பிக்சலுக்கு நான் மனமார வாதாடும் ஓர் இடம் ஓலைச்சுவடி. தஞ்சை சரசுவதி மகால் நூலகத்திலும் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்திலும் இன்னும் எத்தனையோ இடங்களிலும் ஏடுகள் கட்டுக்கட்டாக இருக்கின்றன. ஓர் ஏடு 40 சென்டிமீட்டர் நீளம் என்று கொள்வோம். 24 மெகாபிக்சல் படத்தின் 6,000 பிக்சலை அந்த நீளத்துக்கு விரித்தால் அங்குலத்துக்கு 380. 61 மெகாபிக்சலின் 9,504ஐ விரித்தால் 600. மேலே சொன்ன கூலியெல்லாம் இங்கே கொடுத்துவிட முடிகிற கூலிதான். ஏடு அசையாது. கேமரா தாங்கியில் கவிழ்ந்து நிற்கும். விளக்கைப் பக்கவாட்டில் தாழ்த்தி வைத்து, எழுத்தாணியின் கீறலில் நிழல் விழச் செய்யலாம். எஃப் 8, மிகக் கிட்டே வைத்து எடுக்க உதவும் மேக்ரோ லென்ஸ், மிகக் குறைந்த ஐஎஸ்ஓ. ஒரு படத்துக்கு அரை நிமிடம் ஆனால் ஆகட்டும். ஒடிந்துபோகும் ஏட்டை மறுபடி மறுபடி பிரிக்க முடியாது. ஒருமுறை எடுப்பதில் எல்லாம் வந்துவிட வேண்டும்.

ஏட்டில் எழுதியவர்கள் பெரும்பாலும் புள்ளி வைக்கவில்லை. மெய்யா உயிர்மெய்யா என்பதைப் படிக்கிறவர் இடம் பார்த்துத்தான் தீர்மானிக்கிறார். அப்படிப்பட்ட ஏட்டில் ஓர் எழுத்தின் தலைக்கு மேலே சிறு குழி ஒன்று தெரிந்தால், அது அரிதாக ஒருவர் வைத்த புள்ளியா, பூச்சி அரித்த துளையா, விழுந்த தூசியா என்று பார்க்க வேண்டும். அங்குலத்துக்கு 380 பிக்சலில் அது ஒரு கறுப்புத் திட்டு. 600இல் அந்தக் குழியின் விளிம்பு தெரியத் தொடங்குகிறது.